பட்டியலில் இருபது பேர், பம்ப்பில் யார்? மில் தீயணைப்புக் குழுவில் நடக்கும் தவறுகள்

எந்த நூற்பாலைக்குப் போனாலும் செக்யூரிட்டி அறைச் சுவரில் ஒரு சட்டகம் தொங்கும். மேலே சிவப்பு எழுத்தில் ‘தீயணைப்புக் குழு’, கீழே இருபது பெயர், பக்கத்தில் கைபேசி எண்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில், இரவு பத்தேகால் மணிக்கு, அந்தப் பட்டியலில் விரலை வைத்து ‘இவர் இப்போ எங்கே?’ என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே போனேன். பதினொரு பேர் ஜெனரல் ஷிப்ட், சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான்கு பேர் வேறு ஷிப்ட், தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வேலையை விட்டே போய் மாதங்கள் ஆகின்றன. ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். மிச்சம் இரண்டு. அதில் ஒருவர் பாய்லர் ஆபரேட்டர். மணி அடித்தால் பாய்லரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வரக்கூடாதவர். ஆக, இருபது பேர் குழுவில் அன்றைக்கு ஒரே ஆள்.

அந்த மில் மோசமான மில் இல்லை. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, நிரப்பிய தீயணைப்பான்கள், வர்ணம் அடித்த ஹைட்ரண்ட் (ஹோஸ் மாட்டும் தீயணைப்புக் குழாய்) எல்லாம் இருந்தது. ஆள் கணக்கை மட்டும் தப்பாகப் போட்டிருந்தார்கள். நான் பார்த்த மில்களில் முக்கால்வாசி இதே தப்பைத்தான் செய்கின்றன.

பெயரை எண்ணுவது

எண்ண வேண்டியது பெயரை அல்ல, இடத்தை. பஞ்சு குடோனில் தீ என்றால் அந்த நிமிடம் யார் யார் எங்கே நிற்க வேண்டும்? ஹோஸின் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் பிராஞ்ச் பைப்பைப் பிடிக்க ஒருவர், அவருக்குப் பின்னால் ஹோஸைத் தாங்க ஒருவர், ஹைட்ரண்ட் வால்வில் ஒருவர், பம்ப் ஹவுஸில் ஒருவர், போனுக்கும் கேட்டுக்கும் ஒருவர், இவர்களை நடத்த ஒருவர். மொத்தம் ஆறு. நம் அரசுத் தீயணைப்பு நிலையங்களில் ஒரு வண்டிக்கு முன்னணித் தீயணைப்போர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர், தீயணைப்போர் நால்வர் என்று வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கும் ஆறுதான்.

இப்போது கணக்கைப் போடுங்கள். மில் ஆண்டு முழுக்க மூன்று ஷிப்ட் ஓடுகிறது. ஒரு இடத்தை எப்போதும் நிரப்பி வைக்க ஆண்டுக்கு 365 பெருக்கல் 3, அதாவது 1,095 ஷிப்ட் ஆள் வேண்டும். ஒரு தொழிலாளி ஆண்டில் எத்தனை நாள் வருவார்? வார ஓய்வு 52 போகும். பண்டிகை, விடுப்பு, காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் சேர்த்து 30 என்று தாராளமில்லாமல் வையுங்கள். மிச்சம் 283. வகுத்தால் 3.87. ஓர் இடத்துக்கு ஏறக்குறைய நான்கு ஆள். ஆறு இடத்துக்கு 24 பேர், அதுவும் மூன்று ஷிப்டிலும் சரிசமமாகப் பிரிந்திருந்தால். ‘மூன்று ஷிப்ட், ஆறு பேர், பதினெட்டு போதும்’ என்று போடும் கணக்கில் யாருக்கும் காய்ச்சலே வராது.

‘ஒரு ஆள் குறைந்தால் என்ன, மற்றவர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்ள மாட்டார்களா?’ என்று கேட்பார்கள். 2010-இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு சாதாரண வீட்டுத் தீயில் செய்ய வேண்டிய 22 வேலைகளை நான்கு பேர் கொண்ட வண்டிக் குழுக்கள், மூன்று பேர் கொண்டவற்றைவிட 25 சதவீதமும், இரண்டு பேர் கொண்டவற்றைவிட 30 சதவீதமும் வேகமாக முடித்தன. அது முழுநேரப் பயிற்சி பெற்றவர்களின் கணக்கு. நம் ஆட்கள் கார்டிங் மெஷினிலிருந்து எழுந்து ஓடி வருகிறவர்கள்.

இந்தச் சிக்கலுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பெயரைப் போட்டுப் பட்டியல் எழுதாமல், பொறுப்பைப் போட்டு எழுதுங்கள். ‘அந்த ஷிப்டின் புளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தப்படுத்தும் பிரிவு) ஃபிட்டர் பிராஞ்ச், மிக்சிங் மேஸ்திரி வால்வு’ என்று. ஆள் மாறினாலும் அந்த வேலையில் யாரோ ஒருவர் இருப்பார். அவருக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா என்பது மட்டும்தான் கேள்வி. பாய்லர்காரரை விட்டுவிடுங்கள். எலக்ட்ரீஷியனிடம் ஹோஸைக் கொடுக்காதீர்கள், மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் அவர் வேலை.

இன்னொன்று, பல நூற்பாலைகளில் இரவு ஷிப்டில் பெண்கள்தான் அதிகம். ஆனால் தீயணைப்புப் பட்டியலைப் பார்த்தால் அத்தனையும் ஆண் பெயர். பம்ப்பை ஓட்டவும், வால்வைத் திறக்கவும், 101-க்குப் பேசவும், ஹாஸ்டலில் தலை எண்ணவும் மீசை வேண்டியதில்லை.

யார் சொன்னால் யார் கேட்பது

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பலில் புகை. உள்ளே பஞ்சு மூட்டைகள், கூடவே ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிபொருள். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசி வார்த்தை யாருடையது என்பதே தெளிவில்லை. மாலை நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 14-ஐத் தீத்தொண்டு நாளாக நாம் அனுசரிப்பது அவர்களுக்காகத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் மில்லில் பேனர் கட்டுகிறோம். பேனருக்குக் கீழேயே அதே குழப்பம் நடக்கும். ஷிப்ட் சூப்பர்வைசர் ஒன்று சொல்வார். பத்து நிமிடத்தில் ஜி.எம். காரில் வந்து இறங்கி வேறொன்று சொல்வார். அடுத்து முதலாளியின் மகன் போனில். ஹோஸைப் பிடித்திருக்கும் பையன் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். ஆகவே முதலிலேயே எழுதி வையுங்கள்: தீ அணையும் வரை உத்தரவு இந்த ஒருவருடையது, அவர் இல்லையென்றால் அடுத்து இவர். பெரியவர்கள் யார் வந்தாலும் அவரிடம்தான் பேச வேண்டும், ஆட்களிடம் அல்ல. அரசு வண்டி வந்ததும் பொறுப்பு அந்த நிலைய அலுவலருக்குப் போய்விடும். அப்போது நம் ஆளின் வேலை அவர் பக்கத்தில் நின்று, ‘உள்ளே எத்தனை பஞ்சு பேல், எந்தப் பக்கம் கதவு, தண்ணீர் எங்கே’ என்று சொல்வது.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது பல மில்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசா ஆட்கள். ‘தண்ணியை நிறுத்துடா’ என்று தமிழில் கத்தினால், ரிங் ஃபிரேம் சத்தத்தில் தமிழ் தெரிந்தவனுக்கே கேட்காது. தீயணைப்புத் துறையில் பழகிய ‘வாட்டர் ஆன்’, ‘நாக் ஆஃப்’ (தண்ணீரை நிறுத்து) போன்ற இரண்டு மூன்று சொற்களையும், அவற்றுக்கான கை சைகைகளையும் எல்லோருக்கும் பழக்கினால் போதும். நீளமான உத்தரவு வேண்டாம்.

101-ஐக் கடைசியில் அழைப்பது

இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு. ‘நாமே அணைத்துவிடலாம், வண்டியைக் கூப்பிட்டால் பத்திரிகையில் வந்துவிடும், முதலாளியைக் கேட்காமல் எப்படி’ என்று இருபது நிமிடம் ஓடிவிடும். பஞ்சு அவ்வளவு நேரம் பொறுக்காது. புளோரூமில் பிறந்த பொறி, குழாய்க்குள் பஞ்சோடு பறந்து, ஒன்றிரண்டு மெஷின் தாண்டிப் போய்க் கனியும். முதல் ஹோஸ் விரியும்போதே அழைப்பு போயிருக்க வேண்டும். அழைக்கும் அதிகாரம் கேட்டில் இருக்கும் காவலாளி வரைக்கும் இருக்க வேண்டும். தீ சின்னதாக இருந்து அணைந்துவிட்டால், வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வண்டி வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பதும் தப்பு. நம் ஊரில் வழக்கமான தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் ஒரே ஒரு ஜெட்டை வைத்தால் பத்து நிமிடம். இரண்டு ஜெட் என்றால் ஐந்து. அதற்குள் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘உங்க டேங்க் எங்கே?’ டேங்க் இருக்கும். அதுவரை வண்டி போகும் வழியில் ஒரு வரிசை பைக் நிற்கும், அல்லது கழிவுப்பஞ்சு மூட்டை அடுக்கியிருக்கும். குடோன் சாவி ஸ்டோர் கீப்பர் வீட்டில் இருக்கும்.

பம்ப் ‘ஆட்டோ’வில் இருக்கிறதா?

ஹைட்ரண்ட் குழாயில் எங்கோ சின்னக் கசிவு. அழுத்தம் குறையக் குறைய, அதை ஈடுகட்டும் சின்ன பம்ப்பான ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுகிறது. சத்தம் தொந்தரவு, கரண்ட் செலவு. யாரோ ஒருவர் பேனலில் இருக்கும் குமிழை ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ பக்கம் திருப்பிவிட்டுப் போய்விடுவார். கசிவை யாரும் சரி செய்வதில்லை. ஆறு மாதம் கழித்துத் தீ பிடிக்கும்போது வால்வைத் திறந்தால், குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு முறை சீறிவிட்டு நின்றுவிடும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. தீ என்றதும் எலக்ட்ரீஷியன், சொல்லிக்கொடுத்தபடியே, மெயினை அணைக்கிறார். மெயினோடு சேர்ந்து தீயணைப்பு பம்ப்பும் நின்றுவிடுகிறது. பம்ப்புக்கான மின்இணைப்பை மெயின் பிரேக்கருக்கு முன்னாலிருந்தே தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுத்திருக்கிறார்களா என்று பேப்பரில் பார்க்காதீர்கள். பராமரிப்புக்காக மில்லை நிறுத்தும் நேரம் பார்த்து மெயினை அணைத்துப் பாருங்கள். டீசல் பம்ப் வைத்திருந்தால் வாரம் ஒரு முறை ஓடவிடுங்கள். அதன் பேட்டரியைக் கழற்றி ஃபோர்க்லிஃப்டில் மாட்டியிருந்த ஒரு மில்லையும் நான் பார்த்திருக்கிறேன்.

பி.ஏ. செட் வாங்கிவிட்டோம் என்ற தைரியம்

மூச்சுக்கருவியை, அதாவது பி.ஏ. செட்டை, இரண்டு வாங்கிப் பெட்டியோடு வைத்திருப்பார்கள். ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் சுமார் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டு ‘45 நிமிடம் வரும்’ என்பார் விற்பனையாளர். ஹோஸை இழுத்துக்கொண்டு, பயத்தில் மூச்சு வாங்க, வெப்பத்தில் வேலை செய்பவர் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேலேயே இழுப்பார். அப்போதே அரை மணி நேரம்தான். திரும்பி வரவும் காற்று வேண்டுமே, எச்சரிக்கை விசிலுக்குப் பின் உள்ள காற்றைக் கழித்தால் இன்னும் குறைவு. தாடி வைத்திருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, புகை உள்ளே வரும்.

அமெரிக்காவில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது: எரியும் கட்டிடத்துக்குள் மூச்சுக்கருவியோடு போகிறவர்கள் இருவராக, ஒருவரை ஒருவர் பிரியாமல் போக வேண்டும். அவர்களை மீட்க அதேபோல் இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். அடுத்த ஆண்டே, 1999 டிசம்பரில், வூஸ்டர் நகரத்தில் காலியாகக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீ. உள்ளே வீடற்ற இருவர் இருக்கலாம் என்று தேடப்போன இரண்டு வீரர்கள் புகையில் வழி தவறினார்கள், காற்றும் தீர்ந்தது. அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. தேடப்பட்ட அந்த இருவரோ முன்பே வெளியேறியிருந்தார்கள். இன்னும் பலர் உள்ளே போகத் துடித்தபோது, தீயணைப்பு அதிகாரி மெக்நமீ படிக்கட்டில் நின்று யாரையும் விடவில்லை.

இவ்வளவு அனுபவமுள்ள துறைக்கே அந்தக் கதி. ஆகவே என் கருத்து: நாலு செட், உள்ளே போனவர் பெயரையும் நேரத்தையும் பலகையில் எழுதிக் கணக்கு வைக்க ஓர் ஆள், மாதாமாதம் புகையறைப் பயிற்சி, இவை மூன்றும் இல்லாத மில் தன் ஆட்களைக் குடோனுக்குள் அனுப்பவே கூடாது. வாசலில் நின்று அடிக்கட்டும், பக்கத்துக் கூரையை நனைக்கட்டும். சரக்கு போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர்கள் சிலருக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

நாலு மணி ஒத்திகை

சாயங்காலம் நாலு மணி, இரும்புத் தட்டில் டீசல், தீயணைப்பானைப் பிடித்து இரண்டு போட்டோ, அப்புறம் வடை, டீ. இதை ஒத்திகை என்று ஃபைலில் வைக்கிறார்கள். உண்மை தெரிய வேண்டுமானால் இரவு இரண்டரைக்கு, சொல்லாமல், குடோன் மணியை அடியுங்கள். ஷிப்ட் பொறுப்பாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மணி அடித்ததிலிருந்து பிராஞ்சில் தண்ணீர் வரும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். முதல் தடவை கேவலமாகத்தான் இருக்கும். ஹோஸின் பெண் முனை ஹைட்ரண்ட் பக்கமும் ஆண் முனை ஆள் பக்கமுமாகத் தலைகீழாக விரித்துவிட்டு முழிப்பார்கள். அந்த நேரத்தை அப்படியே எழுதி வையுங்கள். ‘ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது’ என்று எழுதுவதால் யாருக்குப் பயன்?

அணைந்ததும் ஆட்களை அனுப்புவது

பஞ்சு பேல் ஒன்று 170 கிலோ அளவில், இறுக்கி அழுத்திக் கட்டியது. மேலே தண்ணீர் அடித்தால் வெளிப்புறம் கறுத்து அணைந்ததுபோல் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. நடுவில் தீ ஊதுபத்தி மாதிரி கனிந்துகொண்டே இருக்கும், நாள்கணக்கில்கூட. கட்டுகளை அறுத்து, பேலைப் பிரித்து, திறந்தவெளியில் பரப்பி நனைத்தால்தான் அணையும். ஆனால் எல்லோரும் களைத்திருப்பார்கள், மில்லை ஓட்ட வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். பாதி கருகிய பேல்களை நல்ல சரக்கின் பக்கத்திலேயே அடுக்கிவிட்டு, ஈர ஹோஸைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, காலி சிலிண்டரைப் பெட்டியில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

காவலுக்கு ஷிப்டுக்கு இரண்டு பேர், தண்ணீர் ஏற்றிய ஒரு ஹோஸோடு, குறைந்தது மூன்று நாள் நிற்க வேண்டும். அந்த இரண்டு பேரையும் மேலே போட்ட 24-இலிருந்து எடுக்க முடியாது. அவர்கள் அடுத்த மணிக்காக இருப்பவர்கள்.