தீவுச் சாலைகளில் உயிரைப் பறிக்கும் தவறுகள்

சின்னத் தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரை மணி நேரம் போதும். வண்டிகள் குறைவு, பல இடங்களில் சிக்னல்கூடக் கிடையாது. எதிரே வருபவர் யாரென்று தூரத்திலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் சாலை விபத்தைப் பற்றி என்ன பெரிய கவலை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தீவுகளில் நடக்கும் சாவுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்தே தொடங்குகின்றன. "இங்கேதானே, பக்கத்தில்தானே" என்று ஹெல்மெட்டை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். குடித்துவிட்டும் வண்டியை எடுக்கிறோம். குழந்தையை முன்னால் நிற்கவைத்துக் கொண்டு போகிறோம்.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவது

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் சுமார் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் மக்களுக்குச் சுமார் 15 பேர் என்ற கணக்கு இது. 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே சாலை விபத்துதான்.

இப்போது 10,000 பேர் வாழும் ஒரு தீவை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு பேர் சாலையில் இறக்கிறார்கள். "ரெண்டு பேர்தானே" என்றுதான் சொல்லத் தோன்றும். லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் அது 20. உலகச் சராசரியை எளிதாகத் தாண்டிவிட்டது!

சாவுகளுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழுவதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது. ஒருவர் குடித்திருந்தார், இன்னொருவர் போன அன்று மழை, மூன்றாமவருக்கு விதி. ஆனால் பத்து வருட விபத்துகளை ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், அதே வளைவும் அதே சனிக்கிழமை இரவும் திரும்பத் திரும்ப வரும். இறப்புகளை மட்டும் எண்ணாமல் கை கால் முறிந்தவை, மயிரிழையில் தப்பியவை எல்லாவற்றையும் சேர்த்துக் குறித்து வைத்தால், அடுத்த சாவு எங்கே நடக்கக்கூடும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சின்ன ஊரில் இது ஒரு நோட்டுப் புத்தகத்தில் முடிகிற வேலை.

பக்கத்தில் போவதற்கு ஹெல்மெட் எதற்கு என்பது

தீவில் எல்லாமே பக்கத்தில்தான். தலைக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டாலே தீவுவாசிகளின் பாதிப் பழக்கம் மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்தால் அதை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம் செய்ய வேண்டும். பெருநகரத்தில் அது ஆம்புலன்ஸ் ஓடும் நேரம். தீவில் படகு கிடைக்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர் வர வேண்டும். இரவில், புயல் காற்றில், அலை உயர்ந்திருக்கும்போது இரண்டுமே வராமல் போகலாம். அதனால் நகரத்துக்காரரைவிடத் தீவுக்காரருக்குத்தான் ஹெல்மெட் கூடுதலாகத் தேவை.

"நான் மெதுவாகத்தானே போகிறேன்" என்ற சமாதானத்தையும் பார்த்துவிடுவோம். இரு சக்கர வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும், அந்த உயரத்திலிருந்து விழும் தலை கிட்டத்தட்ட மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். வண்டி ஓடிய வேகம் இதில் சேரவே இல்லை. மண்டை உடைய இது போதும்.

ஹெல்மெட் அணிவது தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் சாவைச் சுமார் 42 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வாரைப் பூட்டாத ஹெல்மெட், மோதிய முதல் கணத்திலேயே கழன்று தனியாக உருண்டு போய்விடும். வாரைப் பூட்டிய பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. பின்னாலிருந்து பிடித்து முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கிக் காப்பாற்றும்.

பசிபிக் கடலில் குக் தீவுகளில் உள்ள ராரோடோங்கா தீவைச் சுற்றி ஒரு வட்டச் சாலை ஓடுகிறது. நீளம் சுமார் 32 கி.மீ. ஸ்கூட்டர்தான் அங்கே அன்றாட வாகனம். எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற சட்டம் அங்கே நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2020-ல்தான் வந்தது. சுதந்திரம், வெயில், பழக்கம் என்று எதிர்ப்புச் சொல்வது எந்தத் தீவிலும் நடப்பதுதான். வெயிலில் ஹெல்மெட் புழுங்கும் என்பது உண்மை. அதற்குக் காற்றோட்டமுள்ள ஹெல்மெட் தேடுவதுதான் வழி.

வேக வரம்புப் பலகை காப்பாற்றும் என்று நம்புவது

அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவில் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 35 கி.மீ. மட்டுமே. ஒரு வீட்டுக்கு ஒரு கார் என்ற கட்டுப்பாடும் உண்டு. இவ்வளவு இருந்தும், மக்கள்தொகையோடு பார்த்தால் அங்கே சாலைச் சாவுகள் அதிகம். இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பலகையில் எழுதிய எண்ணை யாரும் மதிக்காவிட்டால் அது வெறும் தகரம்தான்.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. 40-லிருந்து 60-க்கு முடுக்கினால் வேகம் ஒன்றரை மடங்காகிறது. மோதும் ஆற்றலோ இரண்டேகால் மடங்காகிறது. தீவுகளில் இது ஏன் இன்னும் மோசம் என்றால், பெரும்பாலும் இருப்பதே ஒரே சாலை. அதே சாலையில்தான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள், கல் ஏற்றிய லாரி ஓடுகிறது, வீட்டு வாசல் திறக்கிறது, ஆடு மாடு குறுக்கே போகிறது. அப்புறம் படகு நேரம். கடைசிப் படகைப் பிடிக்க ஓடும் வண்டிகள் ஒரு திசையில், படகிலிருந்து இறங்கி வரிசையாக வரும் வண்டிகள் எதிர்த் திசையில். அந்த அரை மணி நேரம் துறைமுகச் சாலையில் நடந்து போகவே பயமாக இருக்கும். படகை விட்டால் மறுநாள்தான் என்ற பதற்றம் எனக்கும் புரிகிறது. ஆனால் பத்து கி.மீ. தூரத்தை 60-க்குப் பதில் 80-ல் போனால் மிச்சமாவது இரண்டரை நிமிடம். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அது சரியாகிவிடும்.

மக்கள் நடக்கும் இடத்தில் மணிக்கு 30 கி.மீ. என்பதைப் பலகையால் மட்டும் சாதிக்க முடியாது. வேகத்தடை, நடப்பவர்கள் சாலையைக் கடக்க உயர்த்திக் கட்டிய பாதை, சாலையின் அகலத்தைக் குறைக்கும் திட்டு இவைதான் இரவு பகல் பாராமல் காவல் நிற்கும்.

சாலையின் மேற்பரப்பையும் கவனிக்க வேண்டும். குவாம் தீவில் சாலை போட உள்ளூர்ப் பவளச் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டயர் பட்டுப் பட்டு அது வழவழப்பாகி, மழை பெய்தால் வழுக்கும். வெளியிலிருந்து கல் கொண்டுவரச் செலவு அதிகம் என்பதால் பல தீவுகள் கிடைக்கும் கல்லை வைத்தே சமாளிக்கின்றன. உங்கள் ஊர்ச் சாலையும் அப்படியென்றால், நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு கலந்து வழுக்கலைக் கூட்டியிருக்கும்.

குடித்துவிட்டு "மெல்லப் போய்விடுவேன்" என்பது

இரவில் பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, வீடு ஐந்து கி.மீ. தூரம். குடித்தவர் வண்டியை எடுப்பதற்குத் தீவு வாழ்க்கையே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதனால் முடிவைக் குடிப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்: யார் ஓட்டுவது, யார் வீட்டில் தங்குவது, சாவி யாரிடம். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு எடுக்கும் முடிவை நம்ப முடியாது.

காவலர் சித்தப்பா மகனாகவோ பள்ளித் தோழராகவோ இருப்பார். "நம்ம பையன்தானே, பார்த்துப் போ" என்று அனுப்பிவிடுவார். அன்பால் செய்வதுதான், ஆனால் அந்த அன்பு அந்தப் பையனையே கொன்றுவிடக்கூடும். ஆளைப் பார்த்து நிறுத்தாமல், வரும் வண்டி ஒவ்வொன்றையும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்வதுதான் இதற்கு மருந்து. எல்லோரையும் நிறுத்தும்போது யாரையும் பகைத்துக்கொண்டதாக ஆகாது.

வண்டியை விட்டுவிட்டு நடந்து போவதிலும் ஆபத்து இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவாவில் குடித்துவிட்டுச் சாலையிலேயே படுத்துத் தூங்கிவிடுகிறார்கள் என்று போலீசுக்கு வந்த தகவல்கள் 2019-ல் மட்டும் 7,000-க்கு மேல். இதமான பருவநிலையும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். அப்படிப் படுத்தவர்கள் மீது வண்டி ஏறி உயிர் போயிருக்கிறது. குடித்த நண்பரைத் தனியாக நடக்க விடாதீர்கள்.

வண்டியைக் கவனிக்காமல் விடுவது

உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. பிரேக் குழாய் வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே வந்து, பலமாக மிதிக்கும் ஒரு நாளில் வெடித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது வண்டியைத் தூக்கிவைத்து அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தீவுக்கு வரும் டயர்கள் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தவையாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பத்து வருடப் பழைய ரப்பரை நம்ப வேண்டாம்.

பழைய கார்கள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்பதிலும் கவனம் வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த காரை வலப்பக்கம் ஓட்டும் தீவில் ஓட்டினால், அதன் முன்விளக்கைத் தாழ்த்தினாலும் ஒளி எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். முந்தும்போது எதிர்ச் சாலை தெரியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து கார்களை மலிவாகக் கொண்டுவரலாம் என்பதற்காகப் பசிபிக் தீவு நாடான சமோவா 2009 செப்டம்பர் 7 அன்று வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. அப்போது பஸ்களின் கதவு நடுச்சாலைப் பக்கம் அமைந்துவிடுமே என்று பலர் பயந்தார்கள். நியாயமான பயம். அரசு இரண்டு நாள் விடுமுறை விட்டு, மது விற்பனையை நிறுத்தி, வேக வரம்பையும் குறைத்துத்தான் அந்த மாற்றத்தைச் செய்தது.

சுற்றுலாப் பயணிக்கு ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார் என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கூட்டரே ஓட்டிப் பழகாதவர், பழகாத பக்கத்தில், வளைவு நிறைந்த சாலையில் போகிறார். காலியான சாலையில் திரும்பும்போதுதான் பழைய பக்கத்துக்குப் போய்விடுவார்.

பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றுவதும் அப்படித்தான். மோதல்கூட வேண்டாம், திடீர் பிரேக் போதும், வெளியே தூக்கியெறிந்துவிடும். காருக்குள் பின்னால் உட்கார்ந்தாலும் சீட் பெல்ட் போட வேண்டும்.

அடிபட்டவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவது

விபத்து நடந்ததும் நாலு பேர் ஓடி வந்து, கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, கிடைத்த வண்டியில் மடக்கிப் போட்டுக்கொண்டு பறப்பார்கள். உதவ ஓடி வரும் மனம் தீவுகளின் பெரிய பலம். ஆனால் கழுத்தெலும்பு முறிந்தவரை இப்படித் தூக்கினால், நடக்க வேண்டியவர் வாழ்நாள் முழுக்கப் படுத்துவிடக்கூடும்.

முதலில் ஒருவர் வளைவுக்கு முன்னால் போய் நின்று வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உதவ வந்தவர்களே அடிபடுவார்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். தீப்பிடிக்கும் ஆபத்தோ, சாலையின் நடுவில் கிடக்கும் ஆபத்தோ இல்லையென்றால் நகர்த்த வேண்டாம். மூச்சு இருக்கிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற முயலாதீர்கள். மூச்சுவிட அது தடையாக இருந்தால் மட்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போன் செய்பவர் "ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடக் கூடாது. எந்த இடம், எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, தலையில் அடியா என்பதைச் சொல்லுங்கள். தலையில் அடி என்று முதலிலேயே தெரிந்தால், படகையோ ஹெலிகாப்டரையோ ஏற்பாடு செய்யும் வேலையை அடிபட்டவர் வந்து சேரும் முன்பே தொடங்கிவிடலாம்.