சுருள்பாசித் தொட்டி: முதல் மாதத்தில் செய்யக்கூடாதவை

சுருள்பாசி (ஸ்பைருலினா என்னும் உண்ணக்கூடிய நுண்பாசி) வளர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் படம் அனுப்பினார். தொட்டித் தண்ணீர் வைக்கோல் நிறம், ஓரமெல்லாம் நுரை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, 7 வருடத்துக்கு முன் என் தொட்டியும் இப்படித்தான் போனது. இலை தூசி விழுவதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாய்ப்பாசியை ஒரேயடியாக ஊற்றுவது

1000 லிட்டர் தொட்டி, 8 கிலோ சமையல் சோடா, உப்பு, உரம் எல்லாம் கரைத்தாயிற்று. கையில் 20 லிட்டர் தாய்ப்பாசி, அதாவது பெருக்குவதற்காக வாங்கிய உயிருள்ள பாசிக் கரைசல். "இது போதும், பெருகிடும்" என்று விற்றவர் சொன்னதை நம்பி, சித்திரை வெயிலில் மொத்தத்தையும் ஊற்றினேன். மூன்றாம் நாள் பச்சையே இல்லை. சத்துக் குறைவோ என்று இன்னும் உரம் போட்டேன், பி.எச். (காரத்தன்மை அளவு) பார்த்தால் 9.5, அதுவும் சரி. கடைசியில் வெயில்தான் கொன்றிருக்கிறது.

பாசிக்கு வெயில் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் அடர்த்தியான தொட்டியில் மேலே இருக்கும் இழைகள் கீழே இருப்பவற்றுக்கு நிழல் தருகின்றன, கலக்கக் கலக்க ஒவ்வொன்றும் முறைவைத்து வெளிச்சத்துக்கு வந்து போகிறது. நீர்த்த தொட்டியில் அந்த நிழல் கிடையாது. ஒளிச்சேர்க்கை அமைப்பில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது; வெளிச்சம் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், செல் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்கும். சிதைவு முந்திவிட்டால் பாசி வெளுக்கும். தண்ணீர் சில்லென்று இருக்கும் காலை நேரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தால் இன்னும் மோசம், குளிரில் இந்தப் பழுதுபார்ப்பு மெதுவாகத்தான் நடக்கும்.

அதனால் சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 20 லிட்டரை முதலில் 60 ஆக்குங்கள், நன்றாகப் பச்சை ஏறியதும் 200, அப்புறம் 600. மேலே நிழல்வலை. குச்சி நுனியில் வெள்ளை மூடி ஒன்றைக் கட்டி முக்கிப் பாருங்கள், 5 செ.மீ.க்குள் கண்ணுக்கு மறையாவிட்டால் புதுக் கரைசல் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், போய் அந்த இரண்டு மூன்று வாரம் பொறுக்க முடியாமல் ஊற்றிவிடுகிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

குளோரின் தண்ணீர்

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் தொட்டிக்கு எடுக்க வேண்டும்.

கலக்காமல் விடுவது

பகலில் மணிக்கு ஒரு முறையாவது கலக்குங்கள்.

அதிகச் சூட்டில் உலர்த்துவது

60 டிகிரியைத் தாண்டாதீர்கள், நீல நிறமியான பைகோசயனின் சூடு தாங்காது. இடியாப்பம் போல மெல்லியதாகப் பிழிந்தால் சீக்கிரம் காயும்.

மிச்சம் வைக்காதது

அந்தத் தம்பி இதில் தப்பித்தார். தாய்ப்பாசியில் 2 லிட்டரைப் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தார், இப்போது ஜன்னலோரம் அது 6 லிட்டர்.