கொசுவத்திச் சுருளும் மும்பை ஈரமும்

ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு ரெட்ரோ தீம் என்று சொன்னதுமே நான் முடிவு பண்ணிவிட்டேன்: 1940-களின் ஹாலிவுட் நாயகிகள் மாதிரி தோளில் புரளும் அலையலையான முடி. முதல்நாள் ராத்திரி தலை முழுக்கப் 'பின் கர்ல்' சுற்றிக்கொண்டு, அதாவது ஈர முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வட்டமாகச் சுருட்டி, ஸ்லைடு (ஹேர்பின்) குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, தலை பூரா கொசுவத்தி சுத்தி வச்சிருக்கே?" பழைய காலத்துக்குப் போவதென்றால் கொசுவத்தி சுற்றித்தானே ஆகவேண்டும்!

மறுநாள் மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறும்போது அலை இருந்தது. காட்கோபரில் பாதி போயிற்று. முலுண்டில் இறங்கியது, தலைக்குக் குளித்துவிட்டு வாரக்கூட மறந்த ஒரு பெண். மாதம் ஜூலை.

அன்று செய்த தப்பு ஒன்றிரண்டு இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் சமாளித்திருக்கலாம். சரியாகக் காயும் முன்னே அவிழ்த்ததுதான் கவிழ்த்துவிட்டது.

ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி நெளிநெளியாக வரும், நம் வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. பின் கர்லும் அதே சூத்திரம்தான். முடி கெரட்டின் என்கிற புரதத்தால் ஆனது. அதன் இழைகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுப்போகும். காயும்போது, முடி அப்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆக, சுருளை உண்டாக்குவது காய்வதுதான். ஸ்லைடின் வேலை அதுவரை பிடித்துக்கொண்டிருப்பது மட்டும். அரைகுறை ஈரத்தில் அவிழ்த்தால் பிணைப்புகள் நேர் முடியாகவே பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தாலும் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தளர்த்தும். மழைக்கால மும்பையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். பியூட்டி பார்லரில் போடும் பெர்மிங் இப்படிப் போகாது; அது ரசாயனத்தால் வேறு வகைப் பிணைப்பையே உடைத்துக் கட்டுவது.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். பிடரிப் பக்கத்தில் ஒரே ஒரு சுருளை அவிழ்த்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் காய்கிற இடம் அதுதான். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி சுற்றி ஸ்லைடைப் போடுங்கள். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் ஏசி ஓடும் அறையில் படுத்தால் பாதி வேலை முடிந்தது. ஹேர் டிரையர் காட்டினால், சூடு முழுக்க ஆறும்வரை கை வைக்காதீர்கள்.

சொட்டச் சொட்ட நனைத்துச் சுற்றுவதும் இதே வகைத் தப்பு. உள்சுற்று விடிந்தாலும் காயாது. டவலால் ஒற்றி, லேசான ஈரம் மட்டும் இருக்கும்போது சுற்ற வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வழவழவென்று இருக்கும் முடியில் சுருள் நிற்காது. முதல்நாளே ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். செட்டிங் லோஷனுக்குப் பதில் ஆளி விதை போதும். இங்கே கடையில் 'அல்சி' என்று கேட்டால்தான் கிடைக்கும். இரண்டு ஸ்பூனை ஒன்றரை கப் தண்ணீரில், முட்டை வெள்ளைக்கரு பதம் வரும்வரை கொதிக்கவிட்டு, சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறிவிட்டால் துணியை விட்டு இறங்காது. தாராளமாகப் பூசினால் காய்ந்து பொடுகு மாதிரி உதிரும். அனுபவம்.

இனி, சுற்றும் விதம். ஓர் அங்குலத்துக்கு மேல் முடியை எடுக்காதீர்கள். நுனியிலிருந்து தொடங்கி, நுனி வட்டத்துக்குள்ளே அடங்கும்படி சுற்ற வேண்டும். நுனி மடங்கிவிட்டால் காலையில் தூண்டில் முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், எந்தச் சீப்புக்கும் மசியாது. துண்டு டிஷ்யூ பேப்பரை நுனியில் மடித்து வைத்துச் சுற்றினால் தப்பிக்கலாம். ஒரு வரிசை முழுக்க ஒரே திசையில், அடுத்த வரிசை எதிர்த் திசையில். இதைக் கலந்துகட்டிச் சுற்றினால் அலை வராது, புதர்தான் வரும். தலையோடு படிந்த சுருளில் அலை கிடைக்கும், உப்பல் கிடைக்காது. உச்சியில் தூக்கல் வேண்டுமென்றால் அங்கே மட்டும் வட்டத்தை நிமிர்த்தி வையுங்கள்.

ஸ்லைடில் நெளிந்த பக்கம் தலையை ஒட்டி இருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் தலைகீழாகத்தான் குத்துகிறோம். துருப்பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள்.

அவிழ்த்ததும் கண்ணாடியைப் பார்த்துப் பயந்து அப்படியே விட்டுவிடுவது இன்னொரு தப்பு. முதலில் குருவிக்கூடு மாதிரித்தான் இருக்கும். பிரஷ்ஷால் வாரிக்கொண்டே போனால் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அலையாக விழும். அந்த அழகுக்குப் பாதிக் காரணம் இந்த வாரல்தான்.

இடுப்பு வரை முடி உள்ளவர்கள் முழுத் தலைக்கும் ஆசைப்படாதீர்கள். கனமே சுருளை இழுத்து நீட்டிவிடும். 1940-களின் பெண்கள் தோள் அளவுக்கு அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார்கள். முன் பக்கம் இரண்டு வரிசை மட்டும் சுற்றிவிட்டு, மீதியைத் தாழ்ந்த கொண்டையாகப் போட்டால் அழகாக இருக்கும்.

இப்போதெல்லாம் நான் வீட்டில் அவிழ்ப்பதே இல்லை. சுருளோடு ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுகிறேன். போன தடவை லேடீஸ் டப்பாவில் எதிரே உட்கார்ந்திருந்த மாமி, "தலைவலியாம்மா?" என்று கேட்டு அமிர்தாஞ்சன் நீட்டினார். வாங்கித் தடவிக்கொண்டேன். போய் இறங்கி, பாத்ரூம் கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் போதும்.