கடைசி பஸ் வருமா, வராதா? சிற்றூர்ப் பேருந்துகளில் தொழில்நுட்பம் புகுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இருட்டும் நேரம். எங்கள் பக்கத்து விலக்கு ஒன்றில், அதாவது ஊருக்குப் பிரியும் சாலை முனையில், பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அருகில் நூற்பாலை வேலை முடித்து வந்த ஓர் அக்கா. அவர் மகன் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்த செயலி, பஸ் 4 நிமிடத்தில் வரும் என்று காட்டியது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே 4 நிமிடம்தான். அரை மணி நேரம் ஆன பிறகு, எதிர்ப்பக்கமிருந்து வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி, பஸ் கண்மாய்க்கரையில் பிரேக்டவுன் ஆகி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அவர் ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.

கருவி பொய் சொல்லவில்லை. பஸ் உண்மையிலேயே 4 நிமிடத் தொலைவில்தான் இருந்தது. அது இனி நகராது என்பதை நடத்துநரிடம் கேட்டு, காத்திருப்பவரிடம் சொல்வதற்குத்தான் ஒருவரும் வழி செய்து வைக்கவில்லை. கிராமத்துப் பேருந்துச் சேவையில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும்போது நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

முதல் தவறு, செயலியிலிருந்து வேலையைத் தொடங்குவது. ஒரு நாளைக்கு நான்கு நடை மட்டும் வரும் ஊரில் பஸ் நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். அவர்கள் அறிய விரும்புவது, இன்று அந்த நடை உண்டா, கட்டா என்பதை. நகரத்தில் ஒரு பஸ் போனால் பத்து நிமிடத்தில் அடுத்தது வரும். இங்கே ஒரு நடை கட் ஆனால் பிள்ளையின் பள்ளி நாளோ, ஒருவரின் அரைநாள் கூலியோ போய்விடும். வேறு எந்த வசதிக்கும் முன்னால், கட் ஆன நடையை உடனே அறிவிக்கும் ஏற்பாடு வேண்டும். அந்தச் செய்தியை முதலில் அறிபவர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரக்காப்பாளர். அவர் கையில் ஒரு எளிய திரையைக் கொடுத்து, இரண்டு தட்டலில் “இந்த நடை இன்று இல்லை” என்று பதியவைத்தாலே பாதி வேலை முடிந்தது. பல திட்டங்களில் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

இரண்டாவது தவறு, தரவை அக்கறையில்லாமல் தயாரிப்பது. பேருந்து நேரங்களை உலகமெங்கும் ஒரே வடிவத்தில் வெளியிட ஜிடிஎஃப்எஸ் என்ற முறை இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. நிறுத்தங்கள், தடங்கள், நடைகள், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணி, எந்தெந்த நாள் ஓடும் என்று தனித்தனியாக எழுதிய சாதாரண எழுத்துக் கோப்புகள்தான் அவை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒரு சிறிய டிப்போவின் தடங்களை இரண்டு பேர் சில வாரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். ஆனால் அதற்குமுன் அவர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

ஏனென்றால், கிராமத்து நிறுத்தத்தின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் சரியாக இருக்காது. வருவாய்த்துறைக் கணக்கில் ஒரு பெயர், டிக்கெட் மெஷினில் ஸ்டேஜ் பெயராக இன்னொன்று, மக்கள் வாயில் வேறொன்று. ஊருக்குப் பிரியும் முனையைத் தென்மாவட்டங்களில் விலக்கு என்கிறோம். கோவை, ஈரோடு பக்கம் அது பிரிவு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கூட்ரோடு. டெல்டாவில் பல இடங்களில் கைகாட்டி. விலக்கில் இறங்கி ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊருக்குள் போகும் பஸ் என்றால் வாசலிலேயே இறங்கலாம். வரைபடத்தில் இரண்டையும் ஒரே புள்ளியாகப் போட்டுவிட்டால், தலைச்சுமையோடு வருகிற பாட்டிக்கு அந்த இரண்டு கிலோமீட்டர்தான் மிச்சம். பெயர்களை ஆங்கிலத்தில் ஏற்றி, பிறகு இயந்திரத்தால் தமிழாக்குவதையும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். சொந்த ஊரின் பெயரே பயணிக்கு அடையாளம் தெரியாமல் போகிறது.

சந்தை நாளில் கூடுதலாக ஒரு நடை, பள்ளி விடுமுறையில் ஒரு நடை குறைவு என்பவையும் அட்டவணையில் ஏற வேண்டும். இவை நடத்துநர்களுக்குத் தெரியும். தாளில் இருக்காது.

ஜிபிஎஸ் கருவி பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி முதல் நாடு முழுவதும் கட்டாயம். கருவி இருக்கிறது என்பதற்காகத் தகவல் வந்துவிடாது. அது செல்பேசிக் கோபுரம் வழியாகத்தான் பேசுகிறது. மலையடிவாரத்தில் சிக்னல் போனால் இருப்பிடங்களைச் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அந்த இடைவெளியில் திரையில் தெரிவது பழைய இடம். “15 நிமிடத்துக்கு முன் இங்கே இருந்தது” என்று நேரத்தோடு காட்டினால் பயணி தானே கணக்குப் போட்டுக்கொள்வார். பழையதைப் புதியதுபோலக் காட்டும் செயலியை மக்கள் இரண்டு முறை நம்புவார்கள், மூன்றாம் முறை அழித்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது டிக்கெட் தரவை வைத்து எடுக்கும் முடிவுகள். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கிராமங்களுக்குள் போகும் டவுன் பஸ்களில் காலை நேரக் கூட்டத்தில் பெண்களே மிகுதி. அவர்களுக்கும் ஆளுக்கொரு கட்டணமில்லா டிக்கெட் அடித்துக் கொடுக்க வேண்டும். நெரிசலில் நடத்துநர் சிலருக்கு அடிக்காமல் விட்டுவிட்டால், பிதுங்கி வழிந்த பஸ் கணினியில் பாதி காலியாகத் தெரியும். கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் கலெக்‌ஷன் என்று மட்டும் பார்த்துப் பழகிய மேலதிகாரி, அந்த நடையை எடுத்து வேறு தடத்தில் போட்டுவிடலாம். இடமில்லாமல் ஏறமுடியாமல் நின்றவர்களோ எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு நடையை நிறுத்துவதற்கு முன் யாராவது ஒருவர் ஒரு வாரம் அந்த பஸ்ஸில் போய்வந்து தலையை எண்ண வேண்டும். இதைவிடச் சிக்கனமான ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

யுபிஐ வந்ததால் சில்லறைச் சண்டை குறைந்திருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் பணம் போனதா என்று நடத்துநரும் பயணியும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் அடுத்த ஸ்டேஜ் வந்துவிடும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும் அட்டை முறை, பஸ்ஸிலும் மெட்ரோ ரயிலிலும் கட்டணம் செலுத்த உதவும் தேசியப் பொதுப் பயண அட்டையிலேயே (என்சிஎம்சி) இருக்கிறது. கிராமத் தடங்களுக்கு அது பொருந்தும். எது வந்தாலும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது.

ஒப்பந்தம் போடும்போது செய்யும் தவறு ஐந்தாண்டுக்குத் துரத்தும். கருவிக்கு விலை பேசுவார்கள். அதற்குள் இருக்கும் சிம் கார்டுக்கு மூன்றாம் ஆண்டில் யார் பணம் கட்டுவது, பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவது, நிறுவனம் கைவிட்டுப் போனால் தரவு யாருக்குச் சொந்தம் என்பதை எழுத மறந்துவிடுவார்கள். இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

எல்லோரிடமும் நல்ல செல்பேசி இருப்பதாக எண்ணிக்கொள்வதும் தவறுதான். வீட்டில் ஒரு போன் என்றால் அது பெரும்பாலும் ஆண்களின் சட்டைப்பையில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர் பெண். பொத்தான் போனிலும் வரும் குறுஞ்செய்தி, ஓர் எண்ணை அழைத்தால் தமிழில் நேரம் சொல்லும் குரல், விலக்கிலுள்ள டீக்கடைச் சுவரில் பெயின்டில் எழுதிய நேர அட்டவணை ஆகிய மூன்றும் செயலிக்கு முன்னால் வர வேண்டும். நடை கட் என்றால் டீக்கடைக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி போனாலே அங்கே நிற்கும் இருபது பேருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்பதை வெற்றியாகக் காட்டுவது. இந்த மாதம் எத்தனை நடை கட் ஆனது, அதில் எத்தனையை அரை மணி நேரம் முன்னதாகப் பயணிகளுக்குச் சொன்னோம் என்ற இரண்டு எண்களை டிப்போ வாசலில் ஒட்டினால் போதும். முதல் எண்ணைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நேரக்காப்பாளரின் மேசையில், நீலப் பேனாவால் கோடு போட்ட நோட்டில், அது அன்றாடம் எழுதப்பட்டு வருகிறது.