படகில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்: பால்ஸ்போவிலிருந்து சியாட்டலுக்கு

சியாட்டலில் கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் பத்து நிமிடம் காரில் போனால் போதும். இருந்தாலும் டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் படகை எடுக்கிறோம். சியாட்டலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியின் அந்தக் கரையில், கிட்சாப் தீபகற்பத்தில் மரத்தோட்டங்கள் இருக்கின்றன. நாமே தேர்ந்து வெட்டிய மரத்தோடு தண்ணீர் வழியாக ஊர் திரும்பும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்களுடையது 22 அடிப் படகு, சின்னதாக ஒரு அறையும் உண்டு. அந்த அளவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் நாளைக் குறியுங்கள்

டிசம்பரில் இங்கே மாலை 4.20-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஒரே நாளில் போய், மரம் வெட்டி, திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் போய், கிட்சாப்பில் உள்ள பால்ஸ்போ என்ற ஊரில் தங்குங்கள். அங்குள்ள படகுத்துறையில் வெளியூர்ப் படகுகளுக்கு இடம் தருவார்கள். மறுநாள் காலையிலேயே கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிடலாம்.

கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது அகேட் பாசேஜ். பெயின்பிரிட்ஜ் தீவுக்கும் கிட்சாப்புக்கும் நடுவே உள்ள குறுகலான நீர்வழி அது. நீரோட்டம் அங்கே 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகம் வரை போகும். வேகம் குறைந்த படகென்றால், எதிர்நீரோட்டத்தில் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், கரை நகரவே நகராது. வற்றம், அதாவது கடல்நீர் வடியும்போது வரும் ஓட்டம், வடகிழக்காக, நாம் திரும்பிவரும் பக்கமாக ஓடும். நீர் ஏறும்போது வரும் ஏற்றம் அதற்கு எதிர்த்திசை. எனவே நீரோட்ட அட்டவணையைப் பார்த்து, வற்றம் தொடங்கியதும் அல்லது நீரோட்டம் நின்றிருக்கும் வேளையில் அந்த இடத்தைக் கடக்கும்படி கணக்குப் போடுங்கள்.

மரம்

ஆறடிக்கு மேல் வேண்டாம். பெரிய மரத்தின் மேல் பிள்ளைகள் கண் வைப்பார்கள், அசையாதீர்கள். டக்ளஸ் ஃபர் என்ற வகை மரத்தின் கிளைகள் வளைந்து கொடுக்கும், கட்டினால் நன்றாக ஒடுங்கும். நோபிள் ஃபர் என்ற இன்னொரு வகை விறைப்பானது. கனமான அலங்காரங்களையும் தாங்கும், ஆனால் இடத்தை அடைக்கும். முதல் முறை என்றால் டக்ளஸ் எடுங்கள். தோட்டத்திலேயே வலை சுற்றித் தரச் சொல்லுங்கள்.

ஏற்றுவதும் கட்டுவதும்

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காரில் கட்டுகிற பழக்கத்தில் மரத்தைப் படகின் கூரைமேல் ஏற்றிவிடுகிறார்கள். பாரம் மேலே போகப் போகப் படகு அதிகமாகச் சாயும். ஓட்டுபவருக்குக் கண்ணும் மறையும். மரத்தைத் தளத்திலேயே, நடுக்கோட்டை ஒட்டிப் படுக்க வையுங்கள். அடிமரம் படகின் முகப்புப் பக்கம், நுனி பின்பக்கம். அப்போதுதான் எதிர்க்காற்று கிளைகளை விரிக்காது.

மரத்துக்கு மேலே மட்டும் போதாது, கீழேயும் தார்ப்பாய் விரியுங்கள். முதல் வருடம் நான் விரிக்கவில்லை. உதிர்ந்த ஊசியிலைகள் படகின் அடித்தளத்துக்குள் போய், நீர் இறைக்கும் பம்பை அடைத்துக்கொண்டன. நடுவழியில் அதைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்தேன். பிள்ளைகளோடு போகும்போது அப்படி ஒரு நிலை யாருக்கும் வரக் கூடாது. மேல் தார்ப்பாய் உப்புச் சாரலைத் தடுக்கும். உப்பு பட்டால் இலை காயும்.

இரண்டு இடத்தில் கயிறு போடுங்கள். ஓர் இழுப்பில் அவிழும் சுருக்குமுடிச்சுதான் வேண்டும். மரம் நழுவி வழியை மறித்தால் குளிரில் விறைத்த விரல்களால் இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாது.

1912 நவம்பரில் மிச்சிகன் ஏரியில் மூழ்கிய ரௌஸ் சிம்மன்ஸ் என்ற கப்பலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்று பாய்மரம் கொண்ட கப்பல், கட்டிய வருடம் 1868. கேப்டன் ஹெர்மன் ஷூனமன் அதில் ஆயிரக்கணக்கான மரங்களோடு சிகாகோவுக்கு வந்துகொண்டிருந்தார். கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலிலிருந்தே மரம் விற்பவர் அவர். புயலில் சிக்கிக் கப்பலில் இருந்த எல்லோரும் இறந்துபோனார்கள். அவருடைய அண்ணன் ஆகஸ்ட்டும் 1898-இல் இதே மரத் தொழிலில், இதே ஏரியில் இறந்தவர்தான். 1971-இல் கப்பலைக் கண்டுபிடித்தபோது மரங்கள் உள்ளேயே இருந்தன. அளவுக்கு மேல் அடுக்கியிருந்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் மனைவி பார்பராவும் மகள்களும் அந்தத் தொழிலை விடவில்லை. அவர்களை நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கிறேன்.

கடக்கும்போது

தண்ணீர் 9 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் சொல்பேச்சு கேட்காது. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, 19 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 12 வயது வரையுள்ள பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். எங்கள் படகு அதைவிடப் பெரியதுதான். ஆனாலும் பெரியவர்கள் உட்பட எல்லோரும் போடுகிறோம்.

அகேட் பாசேஜ் தாண்டி போர்ட் மாடிசன் விரிகுடா வந்ததும் திறந்த நீர். சியாட்டல் கரையிலுள்ள ஷில்ஷோல் வரை கிழக்கே போக வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலும் தெற்குக் காற்று, அதனால் அலை பக்கவாட்டில் அடிக்கும். 15 நாட் வேகத்துக்கு மேல் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் நாங்கள் கிளம்புவதில்லை. பால்ஸ்போவிலேயே இன்னொரு இரவு, அவ்வளவுதான். நடுவில் சரக்குக் கப்பல்களின் பாதை வரும். அதைச் செங்குத்தாக, சட்டென்று கடந்துவிடுங்கள். ரேடியோவில் 14-ஆம் அலைவரிசையைக் கேட்டால் பெரிய கப்பல்கள் எங்கே வருகின்றன என்று தெரியும். ஆபத்துக்கு 16.

வீட்டில்

சரி, மரம் வந்துவிட்டது. வலையைப் பிரிக்கும் முன் நல்ல தண்ணீரால் ஒரு முறை கழுவுங்கள். அப்புறம் அடிமரத்தில் ஒரு விரற்கடை அளவு புதிதாக அறுத்து, உடனே தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். தாமதித்தால் பிசின் வெட்டுவாயை மூடிவிடும். முதல் நாள் நான்கு லிட்டர் வரைகூடக் குடிக்கும், அதனால் படுக்கும் முன் தொட்டியைப் பார்த்து நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை சின்னவளுடையது. சொம்போடு மரத்தடியில் தவழ்ந்து போய் ஊற்றிவிட்டுத்தான் தூங்கப் போவாள்.