யானை வேலியிலிருந்து முதுமாணி வரை: உயிர்ப்பல்வகைமைப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

யானையைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏராளம். யானை வேலி ஒன்றை மூன்று போகம் தொடர்ந்து பழுதில்லாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்புத் துறையில் முகாமையாளர்களை உருவாக்கவென்று இருக்கும் முதுமாணிப் படிப்புகளும் புலமைப்பரிசில்களும் தேடுவது இந்த இரண்டாவது ஆளைத்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் முடித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதற்குப் பயிற்சி தருகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் நடக்கும் இயற்கைப் பாதுகாப்புத் தலைமைத்துவ (Conservation Leadership) முதுமாணியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாதப் படிப்பு. தலைமைத்துவம், நிதி, திட்ட முகாமை எல்லாம் அதில் உண்டு. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றில் பயிற்சி வேலையும் செய்ய வேண்டும். பறவைகளின் பெயர் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது பணத்தை, ஆட்களை, எதிரெதிர் நலன்களை ஒரு மேசையில் உட்கார வைக்கக்கூடியவரை.

இது ஏன் அவசியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் நட்ட கண்டல்களைப் பற்றிய ஆய்வொன்று 2017இல் வெளியானது. பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. தவறான நிலம், தவறான இனம், நட்ட பிறகு கவனிக்க ஆளில்லை, மாடு மேய்ந்தது: காரணங்கள் இவ்வளவுதான். தாவரவியல் தெரியாததால் மட்டும் இது நடக்கவில்லை. நடுவதற்குக் காசு ஒதுக்கிய திட்டங்கள், நட்ட பிறகு யார் பொறுப்பு என்று தீர்மானிக்கவில்லை.

இரண்டாம் படி: உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்

"இயற்கை" என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு இடம், ஒரு சிக்கல் போதும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானையும் வயலும். வாவியோரத்தில் கண்டலும் இறால் பண்ணையும் வீச்சு வலையும். பாசிக்குடாவில் பவளப்பாறையும் உல்லாசப் பயணமும். அம்பாறைப் பக்கம் போனால் 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்கா, லாகுகலை, 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட குமண. இவற்றில் நீங்கள் காலால் நடந்து பார்த்த இடத்தை எடுங்கள். நேர்முகத்தில் கேட்கும் மூன்றாவது கேள்வியில் நடந்தவரும் நடக்காதவரும் பிரிந்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: அனுபவத்தைச் சேர்த்து, பதிந்து வையுங்கள்

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். ஏறத்தாழ இரண்டு வருஷம். தொண்டர் வேலையும் பகுதிநேர வேலையும் கணக்கில் சேரும். ஆகவே பட்டம் முடித்த நாளிலிருந்து ஒரு கொப்பி போடுங்கள்: திகதி, இடம், செய்த வேலை, எத்தனை மணித்தியாலம், யார் கையெழுத்து வைப்பார். வேலை கிடைக்கவில்லை என்று சும்மா இருக்க வேண்டாம். கிராமிய மீனவர் சங்கத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதும், கமக்கார அமைப்பின் வேலித் துப்புரவுக்கு ஆள் முறை போட்டுக் கொடுப்பதும் முகாமை அனுபவம்தான். என்னைக் கேட்டால் கொழும்பில் மூன்று நாள் செயலமர்வுச் சான்றிதழைவிட இது பெறுமதி.

கொஞ்சம் துணிந்தவர்கள் மூன்று நாலு பேராகச் சேர்ந்து, இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்குப் பணம் தரும் ரஃபோர்ட் அறக்கட்டளையின் சிறு மானியத்துக்கோ, இளம் பாதுகாப்பாளர் குழுக்களுக்கு உதவவென்று 1985இல் தொடங்கிய Conservation Leadership Programme என்ற திட்டத்துக்கோ விண்ணப்பிக்கலாம். சின்னத் தொகையென்றாலும், ஒரு வரவுசெலவைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தியவர் என்ற பெயர் கிடைக்கும்.

நான்காம் படி: எந்தப் புலமைப்பரிசில்?

அனுபவம் இருந்தால் செவனிங். பிரித்தானியாவில் ஒரு வருட முதுமாணிக்குக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் தருவார்கள். முடித்து இரண்டு வருஷம் நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. இப்போதுதான் பட்டம் முடித்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் பக்கம் பாருங்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் கூட்டு முதுமாணி. மாதம் 1,400 யூரோ. இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். கண்டல், பவளப்பாறை என்று போக விரும்புபவர்களுக்கு அதில் வெப்பமண்டல உயிர்ப்பல்வகைமைக்கென்றே ட்ரோபிமுண்டோ என்ற படிப்பு தொடங்கப்பட்டது, இப்போது ஆட்களைச் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்காவென்றால் புல்பிரைட். அதற்கும் திரும்பி வரும் கட்டாயம் உண்டு. அந்தக் கட்டாயம் நல்லதென்றே நினைக்கிறேன், போனவர்கள் திரும்பி வந்தால்தானே வாவிக்குப் பலன். ஏற்கெனவே வனசீவராசிகள் திணைக்களத்தில் இருப்பவர்கள் தேராதூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் அலுவலர் பயிற்சிகளைத் திணைக்களம் மூலம் விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: கட்டுரை

அதிகம் பேர் தோற்பது இங்கேதான். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே இயற்கையில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரையை ஒதுக்கிவையுங்கள். ஒரு மாதிரி காட்டுகிறேன், சம்பவமும் எண்களும் கற்பனை:

"எங்கள் வயல் வட்டையின் மின்வேலி இரண்டு போகத்தில் செயலிழந்தது. வோல்ட் மீற்றர் வைத்துப் பார்த்ததில், புல் வளர்ந்து கம்பியில் முட்டிய இடங்களில் மின் அழுத்தம் இறங்கியிருந்தது. வேலிக்குப் பணம் இருந்தது, புல் வெட்ட யாருக்கும் பொறுப்பில்லை. வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையோடு பேசி 40 குடும்பங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு பிரித்துக் கொடுத்தேன். ஆறு பேர் மறுத்தார்கள். அவர்களுடைய துண்டைக் கூலிக்குச் செய்ய, அறுவடையில் ஒரு சிறு பங்கு ஒதுக்க ஒத்துக்கொண்டார்கள்."

இதில் என்ன இருக்கிறது? பிரச்சினையின் காரணத்தைக் கண்டுபிடித்தார். எதிர்த்தவர்களை மறைக்கவில்லை. ஒரு முடிவு எடுத்தார். "தலைமைத்துவம்" என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. இதற்குப் பின் இரண்டு வரியில் நாட்டளவில் நடப்பதோடு இணையுங்கள். அறுவடைக்குப் பின் கழற்றிவிடும் பருவகால வயல் வேலிகளைப் பற்றி ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ நீண்டகாலம் உழைத்திருக்கிறார். அவர் தலைமையிலான குழு 2020இல் யானை மனித மோதலுக்கான தேசியச் செயற்திட்டத்தைத் தயாரித்தது. அந்தத் திட்டத்தை உங்கள் வட்டையில் நடைமுறைப்படுத்த என்ன திறன் குறைகிறது, அதை இந்தப் படிப்பு எப்படித் தரும் என்று எழுதினால் கட்டுரை நிற்கும்.

தமிழில் முதலில் எழுதுங்கள். நினைப்பு தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

ஆறாம் படி: மிச்ச வேலைகள்

பரிந்துரைக்கு இருவர்: ஒருவர் விரிவுரையாளர், மற்றவர் களத்தில் உங்களோடு வேலை செய்தவர். குறைந்தது ஒரு மாதம் முன்பே கேளுங்கள், உங்கள் கொப்பியின் பிரதியையும் கொடுங்கள். கடவுச்சீட்டு, பெறுபேற்றுச் சான்றிதழ்கள் தயாராக இருக்கட்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருஷத்துக்கே செல்லுபடியாகும், அதனால் வெகு முன்கூட்டி எழுதிவிட வேண்டாம். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஓகஸ்ட்டில் திறக்கும். இறுதி நாளிரவில் மின்வெட்டு வந்தால் எல்லாம் போச்சு, ஒரு வாரம் முந்தியே அனுப்புங்கள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், "திரும்பி வந்து எங்கே வேலை செய்வீர்கள்?" என்ற கேள்வி அனேகமாக வரும். "நாட்டுக்குச் சேவை" என்று சொல்லாமல், எந்த அலுவலகம், எந்தப் பதவி, எந்த இடம் என்று சொல்லுங்கள்: வனசீவராசிகள் திணைக்களமா, மத்திய சுற்றாடல் அதிகார சபையா, பிரதேச சபையின் திட்டமிடலா. அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், அங்கே ஆட்சேர்ப்பு எப்படி நடக்கிறது, எந்தத் தகைமை கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள்.