கதையில வர்ற மோதல் பத்தி கட்டுரை எழுதறது எப்படி

மனுஷனுக்கும் மனுஷனுக்கும், சமூகத்தோட, இயற்கையோட, தனக்குள்ளேயேன்னு மோதலோட வகைய மட்டும் வரிசையா எழுதிட்டா கட்டுரை ஆயிடும்னு நிறைய ஸ்டூடன்ட்ஸ் நினைக்கறாங்க, அது வெறும் லிஸ்ட் தான்ப்பா.

ஒரே ஒரு கதைய எடுங்க. ஜெயகாந்தனோட 'அக்கினிப் பிரவேசம்' (1966) ரொம்ப நல்ல சாய்ஸ். மழையில முன்பின் தெரியாதவனோட கார்ல ஏறுன காலேஜ் பொண்ண அவன் கெடுத்துட்டான்னு கேட்டதும் அம்மா முதல்ல அடிக்கறாங்க, அக்கம்பக்கத்துக்காரங்க வந்து என்னன்னு கேட்டதும் அதே அம்மா விஷயத்த மறைக்கறாங்க, அப்புறம் அவ தலையில தண்ணி ஊத்தி நீ சுத்தமாயிட்டேன்னு சொல்றாங்க. இங்க வெளிய ஊரோட மோதல், உள்ள அம்மா மனசுக்குள்ளயே மோதல், ஒண்ணு இன்னொண்ண எப்படி தள்ளுதுன்னு பாருங்க, அத ஒரே வாக்கியமா முதல் பாராவுல எழுதுங்க, அது தான் உங்க வாதம்.

கதைச்சுருக்கம் ரெண்டு வரி போதும். அப்புறம் பாராவுக்கு ஒரு காட்சி: யாருக்கு என்ன வேணும், எது தடுக்குது, அதனால என்ன முடிவெடுக்கறாங்க. கடைசில மோதல் நிஜமாவே தீந்துச்சா, இல்ல மூடி வெச்சிட்டாங்களான்னு உங்க கருத்த தைரியமா சொல்லுங்க.